கப்பர்நாகும் பிள்ளைக்கு ஒரு பூசை

"ஏளா, புஸ்தகத்தைப் பாத்து வாசிச்சா யாருக்காவது அழுகை வருமா?"

அத்தை இப்படிக் கேட்டபோது நான் எட்டாம் வகுப்பை முடித்திருந்தேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. மீன் ஏலம் எடுக்கிறவள். கடற்கரையில் அவள் குரல் எழும்பினால் ஐஸ் பெட்டி தூக்கிப் போகிறவர்களும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். டீச்சர் கொடுத்த நாவலில் ஒரு கல்யாணப் பெண்ணை ஓடத்தில் ஏற்றி அனுப்பும் இடத்தை வாசிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்கு அழுவேன். அது சாமியார் தொண்டை. இது வெறும் காயிதம்லா" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துப் படித்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா கையெழுத்துப் போட மட்டும் கற்றிருந்தார். அம்மாவுக்கு அதுவும் வராது. அத்தைக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவள் என்னை என்றைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருவில் உள்ள மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அவள் வாயில் பேர் உண்டு, எனக்கு மட்டும் எப்போதும் "ஏளா"தான். அவள் சுபாவமே அதட்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

அது தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கரையில் கட்டிக் கிடக்கும். மீன் ஏலக்கூடம் காலியாக இருக்கும். எத்தனை தரம் கழுவி விட்டாலும் அதன் சிமெண்டுத் தரையில் சூரை மீன் வாடை போகாது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆண்கள் வலையைப் பரப்பிப் போட்டுக் கிழிசலை முடிந்துகொண்டிருப்பார்கள். பெண்கள் கருவாட்டைக் காய வைத்துவிட்டு, காக்கை விரட்டக் கையில் குச்சியோடு நிழலுக்கு வந்து உட்கார்வார்கள். மேல்கரைக் காற்று உப்பளத்து வெள்ளையையும் நிலக்கரிப் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவந்து வாயில் போடும்.

என்னோடு எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அந்தக் கோடை விடுமுறை மறந்திருக்காது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டோடு சரி. ஒன்பதாம் வகுப்பென்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். போகாதவர்களை இறால் உரிக்கும் வேலைக்கு ஏற்றிப் போகக் கம்பெனி வேன் தெருமுனைக்கே வரும். எங்களில் யார் பஸ், யார் வேன் என்பது அந்த விடுமுறையில் ஒவ்வொரு வீட்டிலும் முடிவாகிக்கொண்டிருந்தது. என்னைப் பற்றி அப்பா, "தடை முடியட்டும், பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

டீச்சர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். நான் வாசிக்கும்போது வார்த்தையை விழுங்குகிறேன் என்று அவருக்குக் குறை. "லீவு முழுக்க இதைச் சத்தமா வாசி, வாய் திருந்தும்" என்று பழுப்பு அட்டை போட்ட அந்த நாவலைக் கொடுத்து அனுப்பினார். கப்பர்நாகும் என்ற ஊரில் இருந்த, இயேசுவின் சீடர் பேதுருவின் மனைவியைப் பற்றிய கதை. வேதத்தில் பேர்கூடச் சொல்லப்படாத அந்தப் பெண்ணுக்கு மிரியாம் என்று பேர் வைத்து, வீடு வாசல் கொடுத்து, ஒரு பெண் குழந்தையையும் கொடுத்திருந்தார் எழுதியவர். சத்தமாக வாசிக்க எங்கள் வீட்டில் இடமில்லை. ஏலக்கூடத்துக்குப் போனேன்.

முதல் நாள் யாரும் காது கொடுக்கவில்லை. "பேதுரு, பேதுருன்னு யாரு அது?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"நம்ம இராயப்பர்தான். டீச்சரோட சபையில அப்படிச் சொல்லுவாங்க."

"இராயப்பரா? கோயில்ல சாவி வச்சிட்டு நிக்காரே, அவரா? அவருக்குப் பொண்டாட்டியா?" என்று அவள் கருவாட்டுக் குச்சியைக் கீழே போட்டாள். கூட்டம் அப்படித்தான் சேர்ந்தது.

சித்தப்பா சங்கு குளிக்கப் போகிறவர். எதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருப்பார். கலிலேயா கடல் என்பது நல்ல தண்ணீர் ஏரி என்று புத்தகம் சொன்னதும் எழுந்தே விட்டார். "ஏலே, குளத்துல மீன் பிடிச்சவருக்கா நாம தேர் இழுக்கோம்?"

"வாயைக் கழுவுலே" என்றாள் அத்தை. கேட்காதவள் போலத் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அதே சித்தப்பாதான் மிரியாமை எங்கள் ஊர்க்காரியாக்கினார். கல்யாணத்தன்று அவள் கழுத்தில் தாய் கொடுத்த ஒற்றை முத்து கிடந்தது என்று வாசித்தேன்.

"எந்தப் பார்ல எடுத்ததாம்?" என்றார். கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டைத்தான் பார் என்போம்.

"அது போடலை சித்தப்பா."

"போடாண்டாம். நம்ம பார்ல எடுத்ததுதான். அந்தக் காலத்துல கொற்கையில இருந்துதான உலகத்துக்கே முத்து போச்சு? நம்ம ஆளு ஒருத்தன் மூச்சடக்கி எடுத்தது அவ கழுத்துல கெடக்கு."

முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம். சித்தப்பா தன் வாழ்நாளில் ஒரு முத்தையும் எடுத்தவரில்லை. ஆனாலும் தானே குளித்து எடுத்த மாதிரி நெஞ்சைத் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து மிரியாம் "நம்ம பிள்ளை" ஆகிவிட்டாள். பக்கம் காற்றில் புரளாமல் இருக்க, உடைந்த சங்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்பக்கம் ரோஸ் நிறத்தில் வழுவழுவென்று இருக்கும். வீடு மாறியபோது அது எங்கேயோ தொலைந்துபோனது.

இராயப்பர் வலையைப் போட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போகும் அத்தியாயத்தில் ஏலக்கூடம் இரண்டாகப் பிரிந்தது.

"ஆண்டவர் கூப்பிட்டா போவாண்டாமா?"

"போவட்டும். ஈர வலையை அள்ளிக் காயப் போட்டுட்டுப் போவக் கூடாதா? அப்படியே கெடந்தா வலை என்னத்துக்காவும்?"

"அவரு ரோமாபுரியில முதல் பாப்பு ஆகப் போறவரு."

"பாப்பு ஆவறது பிறகு. அன்னைக்கு ராத்திரி அடுப்புக்கு என்ன வச்சிட்டுப் போனாரு?"

மிரியாம் கடற்கரைக்கு வந்து வலையைத் தனியாக இழுத்துக் கரை சேர்த்தாள் என்று புத்தகத்தில் இருந்தது. வலைக்குப் பின்னால் இருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஒத்தை ஆளா ஈர வலையை இழுக்க முடியாது. ரெண்டு பேரு வேணும்." அந்த நாவலைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம் அதுதான். அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அத்தை மெல்ல மெல்லக் கிட்டே வந்தாள். ஒருநாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாராவது குறுக்கே பேசினால், "ஏலம் ஓடிக்கிட்டிருக்கு, வாயை மூடுங்க" என்பாள்.

ஒரு சனிக்கிழமை, மிரியாமின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆதாள் என்று பேர், மூன்று வயது. மருந்துக்காக மிரியாம் அந்த முத்தைக் கழற்றி விற்கிறாள். அத்தியாயம் அங்கே நின்றது. கருவாட்டை அள்ளும் நேரமாகிவிட்டதால் நானும் நிறுத்தினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. எங்கள் கோயிலில் பூசைக்கு முன்னால் உபதேசியார் மைக்கில் கருத்துகளை வாசிப்பார்: இன்னார் நலம் பெற, இன்னார் ஆன்மா இளைப்பாற. அவர் ஒரே தாளத்தில் வாசிக்கிறவர். பேர்கள் அவர் வாய்வழி போகுமே தவிரக் காதுக்குள் போகாது.

"காய்ச்சலில் இருக்கும் மகள் ஆதாள் நலம் பெற, தகப்பன் இராயப்பர், தாய் மிரியாம், ஊர் கப்பர்நாகும்..."

வாசித்து முடித்த பிறகுதான் அது அவருக்கே கேட்டது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் கரையில் தெருவுக்கு ஒரு இராயப்பன் இருப்பான் என்பதால், அதுவரை யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கப்பர்நாகும் என்றதும் பாடகர் குழுவில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு கோயிலே சிரித்தது. அத்தை முன்வரிசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பீடத்தைப் பார்த்தபடி முழங்காலில் இருந்தாள்.

பூசை முடிந்ததும் சாமியார் எங்களைக் கூப்பிட்டார். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"அது கதைம்மா. எழுதினவரோட கற்பனை."

"இராயப்பர் கற்பனையா சாமி?" என்றாள் அத்தை.

"இல்லை."

"அவரு மாமியார் காச்சல்ல கெடந்தா, ஆண்டவர் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டாருன்னு நீங்கதான பிரசங்கம் வச்சீங்க?"

"ஆமா, வேதத்துல இருக்கு."

"பொண்டாட்டி இல்லாம மாமியார் எங்கன இருந்து வந்தா?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்டாட்டி இருந்திருப்பா. பிள்ளைகூட இருந்திருக்கலாம். ஆனா இந்தப் பேரு, இந்தக் காச்சல்..."

"இருந்திருக்கலாம்னு நீங்களே சொல்லுதீய. அதுக்குக் காச்சல் வந்திருந்தா யாரு பூசை வச்சிருப்பா? அன்னைக்குக் கோயிலே கெடையாதுல்லா. ஆண்டவருக்கு நேத்தும் நாளைக்கும் ஒண்ணுன்னு சொன்னதும் நீங்கதான்."

"சரிம்மா. இனிமே கருத்துக்குச் சொல்லும்போது முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார் சாமியார். அவர் முகத்தில் கோபமே இல்லை. இப்போது நினைத்தால், அன்றைக்கு அவர் கேட்ட நல்ல பிரசங்கம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, "மச்சான், கப்பர்நாகும்ல காச்சல் எறங்கிட்டா?" என்றார்கள். "மாப்பிள்ளை, இராயப்பர் உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்றார்கள். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வாசலில் செருப்பை உதறிய வேகத்திலேயே எனக்கு விளங்கியது.

"ஊரே சிரிக்கு. இவ வாசிச்சு என்னத்தைக் கண்டோம்? எட்டு போதும். கம்பெனி தெறக்கிற அன்னைக்கு வேன்ல ஏறட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை வாசலில் நின்றிருந்தாள். எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிற அத்தை அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தன்னால்தானே இந்தப் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று அவளுக்கு உறைக்கவில்லையே என்று நான் மனதுக்குள் அவளைத் திட்டினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவளே வீட்டுக்கு வந்தாள். "ஏளா, புஸ்தகத்தை எடு. பூசை வச்சிருக்கு. பிள்ளை எந்திரிச்சுதா இல்லையான்னு பாக்காண்டாமா?"

அன்றைக்கு ஏலக்கூடத்துக்கு வராதவர்கள் இல்லை. கோயிலில் சிரித்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து தூணில் சாய்ந்து நின்றார். அப்பா வலையோடு மூலையில் இருந்தார். நான் முன்கூட்டி வாசித்துப் பார்க்கவில்லை. சங்கை நகர்த்திவிட்டு ஆரம்பித்தேன்.

ஆதாள் பிழைக்கவில்லை. ஆண்டவரும் இராயப்பரும் அக்கரையில் இருக்கிறார்கள். காற்று எதிராக அடிக்கிறது, ஓடம் வரவில்லை. தாயின் மடியிலேயே பிள்ளையின் கை தளர்ந்தது என்ற இடம் வந்தது. நிறுத்தினேன்.

"வாசி" என்றாள் அத்தை.

"விடிந்தது" என்று வாசித்தேன்.

எதிர்வீட்டுக்காரிதான் முதலில் விம்மினாள். "மாமியாரைத் தூக்கி விட்டவருக்குப் பேத்தியைத் தூக்கி விட ஆகாதா?" என்றாள். சித்தப்பா ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை போன வரியைத் திரும்ப வாசி" என்றாள் அத்தை. வாசித்தேன்.

"அடுத்து?"

"விடிந்ததுன்னு இருக்கு அத்தை."

"அதுக்கு முன்ன?"

"ஒண்ணும் இல்லை. அடுத்த வரியே அதுதான்."

"பிள்ளை போன வீட்டுல அடுத்த வரியிலயே விடிஞ்சிருச்சாமா?"

அது ஏலக்கூடத்துக் குரல் இல்லை. அவளுக்கு வேறொரு குரல் உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. புத்தகத்தை வாங்கித் தன் மடியில் வைத்தாள். "எது அந்த வரி? காட்டு." காட்டினேன். இரண்டு வரிகளுக்கும் நடுவில் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தான் எடம் விட்டிருக்கான்" என்றாள்.

கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. அழுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிறகு மூலையைப் பார்த்துச் சொன்னாள்: "ஏலே தம்பி. இவளை வேன்ல ஏத்தாத. இதை எழுதுனவன்கிட்ட போயிச் சண்டை போட நம்ம வீட்டுல எழுத்துத் தெரிஞ்சது இவ ஒருத்திதான். எட்டாங்கிளாஸ் படிச்சவ கேட்டா அவன் மதிப்பானா? படிக்கட்டும்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் வலை ஊசியைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பதில் சொல்லவில்லை. மனம் இளகாதவர் என்று அந்த நிமிஷத்தில் அவரை வெறுத்தேன்.

தடை முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போயின. அதற்குப் பிறகு ஒரு காலையில் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அம்மா எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். எதற்காகச் சீவுகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பா வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வேன் கிளம்பிப் போனது. உள்ளே வந்து, திருவிழாவுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பஸ் எத்தனை மணிக்குளா?" என்றார்.

அதன் பிறகு நடந்தது நீளமான கதை. நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன், பிறகு பன்னிரண்டு, பிறகு கல்லூரி. கல்லூரியில் ஒரு வாசகர் வட்டத்தில் அதே நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. வேதத்தில் இல்லாததை எழுதுவது பாவம் என்றார் ஒருவர். மொழிநடை அருமை என்றார் இன்னொருவர். அந்த நாவலைப் படித்த பிறகுதான் வேதத்தையே ஒழுங்காகப் படித்தேன் என்றாள் ஒரு பெண். நான் எழுந்து அத்தை கேட்டதைச் சொன்னேன்: பிள்ளை போன வீட்டில் அடுத்த வரியிலேயே விடியுமா?

"அது ஒரு காலத் தாவல். உத்தி" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

அன்று விடுதிக்குத் திரும்பியதும் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் அம்மா ஒரு விஷயத்தைச் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால் அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள். காய்ச்சல். மாமா அப்போது கடலில் இருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது என் அப்பா. அதே தோளில் திரும்பத் தூக்கி வந்ததும் அவர்தான். பிறகு நான் பிறந்ததும், அந்தப் பிள்ளையின் பேரையே எனக்கு வைத்தார்.

அத்தை என்னை ஏன் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வலை ஊசியோடு மூலையில் இருந்தவர் ஏன் பேசவில்லை என்பதும்தான்.

அதன் பிறகு எழுத உட்கார்ந்தேன். எழுதியவரிடம் சண்டைக்குப் போகவில்லை. வேலைக்குப் போய் வந்த மாலை நேரங்களில், கப்பர்நாகும் வீட்டில் பிள்ளையின் கை தளர்ந்ததற்கும் பொழுது விடிந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே இருந்தேன். வெந்நீர் வைத்த பானையை என்ன செய்வது என்று தெரியாமல் மிரியாம் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பதை எழுதினேன். குட்டிச் செருப்பை எடுத்து உள்ளே வைப்பதா, வெளியே விடுவதா என்று அவள் திகைப்பதை எழுதினேன். தாயைத் தேற்ற வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கிவிடுவதை எழுதினேன். எவ்வளவு எழுதியும் விடியவில்லை.

போன வாரம் அதை அத்தையிடம் வாசித்தேன். இப்போது முட்டுவலியால் அவள் ஏலத்துக்குப் போவதில்லை. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்பா கதவருகே நின்றார். செருப்பு வரும் இடத்தில் அத்தை கையை உயர்த்தினாள். நிறுத்தினேன்.

"வெளியதான் விட்டேன்" என்றாள். "வாசி."

வாசித்து முடித்தேன். "சரி" என்றாள் அத்தை. "இனி விடியட்டும்."

பிறகு கண்ணைத் திறந்து, "சனிக்கிழமை பூசைக்குச் சொல்லிரு" என்றாள்.

"யாருக்கு அத்தை?"

இரண்டு பேர்களைச் சொன்னாள். முதல் பேர் ஆதாள். இரண்டாவது என் பேர். அவள் வாயிலிருந்து அதை நான் கேட்டது அப்போதுதான். தங்கத்தைத் தராசில் வைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

சாமியாரிடம் முதலில் ஒரு வார்த்தை சொன்னேன். இவர் புதியவர், முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். உபதேசியார் மட்டும் அதே ஆள்தான், தலை வெளுத்துவிட்டது. இரண்டு பிள்ளைகளின் ஆன்மாவும் இளைப்பாற என்று அவரிடம் சொன்னேன். இரண்டாவது பேரைக் கேட்டதும் பேனா நின்றது.

"இது உன் பேருல்லா தாயி?"

"ஆமா. எனக்கு முன்னாடி இந்தப் பேரோட இருந்தவளுக்கு."

எழுதிக்கொண்டார். பிறகு முதல் பேருக்கு நேரே விரலை வைத்து, "இது எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கப்பர்நாகும்" என்றேன்.

தலையை நிமிர்த்தாமல் அதையும் எழுதிக்கொண்டார்.